லைவ் டீலர் மேஜைகளில் எதில் உட்காருவது? மணிக் கணக்கு போட்டுப் பார்த்த ஓர் ஒப்பீடு

ஆன்லைன் கேசினோ ஒன்றில் 'லைவ்' என்ற பகுதியைத் திறந்தால் கட்டம் கட்டமாக மேஜைகள் வரும். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு டீலர் (சீட்டுப் போட்டு, சக்கரம் சுற்றி மேஜையை நடத்துபவர்), பின்னால் மினுமினுக்கும் விளக்குகள், கீழே குறைந்தபட்சப் பந்தயம் எவ்வளவு என்று ஓர் எண். சக்கரத்தில் பந்து எந்த எண்ணில் விழும் என்று பந்தயம் வைக்கும் ரூலெட்டே பத்துப் பதினைந்து வகை இருக்கும். சீட்டாட்டமான பிளாக்ஜாக்கில் இருக்கை காலியாக உள்ள மேஜை, இடமே இல்லாத மேஜை. இன்னொரு சீட்டாட்டமான பாக்கராவில் சாதாரணம், வேகம், கமிஷன் இல்லாதது. அதற்கு அப்புறம் பெரிய சக்கரத்தைச் சுழற்றிவிட்டு ஆர்ப்பாட்டமாக நடக்கும் கேம் ஷோக்கள்.

இதில் எதை எடுப்பது என்று யோசிப்பவர்கள் வழக்கமாகக் கேட்பது, "எதில் ஜெயிக்க வாய்ப்பு அதிகம்?" அந்தக் கேள்வியோடு தொடங்கினால் விளம்பரம் கை காட்டும் இடத்தில்தான் போய் நிற்போம். என்னைக் கேட்டால் கேட்க வேண்டியது வேறு: இந்த மேஜையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் சராசரியாக எவ்வளவு போகும்? எல்லா மேஜையிலும் போகத்தான் செய்யும். எவ்வளவு வேகமாகப் போகும் என்பதில் மேஜைக்கு மேஜை வித்தியாசம் இருக்கிறது, அது பத்து மடங்குக்கு மேல்கூடப் போகிறது.

கணக்கு ஒன்றும் கடினமில்லை. ஒரு சுற்றுக்கு நீங்கள் வைக்கும் தொகை, மணிக்கு எத்தனை சுற்று, அந்தப் பந்தயத்தில் நடத்துபவருக்கு நிற்கும் பங்கு. ஹவுஸ் எட்ஜ் என்று சொல்வது இந்தப் பங்கைத்தான். மூன்றையும் பெருக்கினால் மணிச் செலவு வந்துவிடும். இந்தக் கட்டுரை முழுவதும் சுற்றுக்கு 10 அலகு என்று வைத்துக்கொள்கிறேன். அலகு என்பது எந்த நாட்டுப் பணமாகவும் இருக்கலாம்.

மென்பொருள் மேஜையா, மனிதர் நிற்கும் மேஜையா

முதலில் இதைத் தீர்த்துவிடலாம். சாதாரண ஆன்லைன் ரூலெட்டில் சக்கரம் என்று ஒன்று கிடையாது. ஆர்.என்.ஜி. என்ற மென்பொருள் ஓர் எண்ணைத் தேர்ந்தெடுக்கிறது, திரையில் ஓடும் சக்கரம் வெறும் படம். லைவ் மேஜையில் இருப்பது நிஜச் சக்கரம், நிஜச் சீட்டு. ஸ்வீடனில் 2006-இல் தொடங்கிய எவல்யூஷன் நிறுவனம்தான் இந்தத் துறையில் பெரியது. லாட்வியாவின் ரீகா நகரில் இருக்கும் அதன் ஸ்டுடியோவில் இரவு பகலாக மேஜைகள் நடக்கின்றன. ஜார்ஜியாவின் திபிலிசி, மால்டா போன்ற இடங்களிலும் ஸ்டுடியோக்கள் உண்டு.

அங்கே நடப்பதைச் சற்று உற்றுப் பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரியும். டீலர் மாறும் நேரத்தில், போகிறவர் இரண்டு கைகளையும் மெல்லத் தட்டி, உள்ளங்கைகளைக் கேமராவுக்கு விரித்துக் காட்டிவிட்டுத்தான் நகர்வார். கையில் பந்தயச் சில்லோ சீட்டோ ஒட்டிக்கொண்டு போகவில்லை என்பதற்கு அது அடையாளம். சீட்டு எடுக்கும் பெட்டியை 'ஷூ' என்பார்கள். அதிலிருந்து ஒவ்வொரு சீட்டும் வெளியே வரும்போதே அதன் அடையாளம் வாசிக்கப்பட்டு உங்கள் திரையில் எண்ணாக விழுகிறது. ரூலெட்டில் பந்து எந்தக் குழியில் விழுந்தது என்பதைச் சென்சாரும் கேமராவும் படிக்கின்றன.

இதனால்தான் பலருக்கு லைவ் மேஜையில் நம்பிக்கை வருகிறது. அந்த நம்பிக்கையில் தவறில்லை. ஆனால் அது பந்து விழுவதைப் பற்றிய நம்பிக்கை மட்டும்தான். ஒற்றைச் சுழியம் உள்ள சக்கரம் படமாக இருந்தாலும் மரமாக இருந்தாலும் நடத்துபவர் பங்கு 2.70 சதவீதம்தான். டீலர் சிரித்துப் பேசுவதால் அது இறங்காது.

உண்மையான வித்தியாசம் வேகத்தில் இருக்கிறது. மென்பொருள் ரூலெட்டில் பொத்தானைத் தட்டிக்கொண்டே இருந்தால் மணிக்கு 300 சுற்று சாதாரணமாகப் போகும். 10 அலகு வீதம் 3,000 அலகு மேஜைக்கு வந்து போகிறது, அதில் 2.70 சதவீதம் என்றால் 81 அலகு. லைவ் மேஜையில் பந்தயம் வைக்க நேரம் கொடுத்து, பந்து சுற்றி, விழுந்து, டீலர் எண்ணை அறிவித்து, பணம் பட்டுவாடா ஆகி முடிய ஏறத்தாழ ஒரு நிமிடம். மணிக்கு 60 சுற்று, செலவு 16 அலகு. அதே விளையாட்டு, அதே பங்கு, செலவு மட்டும் ஐந்தில் ஒன்று. லைவ் மேஜைக்கு ஆதரவாக நான் சொல்வதில் முதலாவது இந்த நிதானம். மனிதர் ஒருவர் நிற்பதால் விளையாட்டு மூச்சு விடுகிறது.

மென்பொருளுக்கு ஆதரவாகவும் இரண்டு உண்டு. அதில் குறைந்தபட்சப் பந்தயம் பொதுவாகச் சிறியது. இன்னொன்று, பணமே வைக்காமல் பயிற்சிக்கு ஆட விடுவார்கள். டீலருக்குச் சம்பளம் கொடுத்து நடத்தும் லைவ் மேஜையில் அந்த வசதி இருக்காது, வேடிக்கை பார்க்கலாம், அவ்வளவுதான். பிளாக்ஜாக் கற்றுக்கொள்ள நினைப்பவர் பணம் வைக்காத மென்பொருள் மேஜையில் ஒரு மாதம் கழித்துவிட்டு வருவதே நல்லது.

ரூலெட்: சுழியத்தை எண்ணிப் பாருங்கள்

ரூலெட்டில் பார்க்க வேண்டியது சக்கரத்தில் எத்தனை சுழியம் என்பதுதான். ஐரோப்பிய வகையில் 37 குழிகள், ஒரு சுழியம், பங்கு 2.70 சதவீதம். அமெரிக்க வகையில் 38 குழிகள், இரட்டைச் சுழியம் கூடுதலாக, பங்கு 5.26 சதவீதம். 60 சுற்றுக்கு முன்னதில் 16 அலகு, பின்னதில் 32. இரண்டும் ஒரே மேஜைப் பட்டியலில் அடுத்தடுத்த கட்டத்தில் இருக்கும்போது அமெரிக்க மேஜையில் உட்கார ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

பிரெஞ்சு ரூலெட் என்று பெயர் போட்ட மேஜை கண்ணில் பட்டால் விதிகளைத் திறந்து 'லா பார்ட்டாஜ்' இருக்கிறதா பாருங்கள். சிவப்பு கறுப்பு, ஒற்றை இரட்டை போன்ற பந்தயங்களில் சுழியம் விழுந்தால் பாதிப் பணம் திரும்பி வரும். அந்த ஒரு விதியால் பங்கு 1.35 சதவீதமாக, மணிச் செலவு 8 அலகாக இறங்கிவிடுகிறது. இந்த மேஜைகள் குறைவு, முன்வரிசையில் வைக்க மாட்டார்கள், தேடித்தான் எடுக்க வேண்டும்.

2018-இல் வந்த லைட்னிங் ரூலெட் இன்னொரு ரகம். ஒவ்வொரு சுற்றிலும் ஒன்று முதல் ஐந்து எண்களுக்கு 'மின்னல்' அடித்து, 50 மடங்கு முதல் 500 மடங்கு வரை பரிசு என்று காட்டும். அதற்கான பணம் எங்கிருந்து வருகிறது? தனி எண்ணில் வைத்து ஜெயித்தால் வழக்கமாக ஒன்றுக்கு 35 கிடைக்கும், இங்கே ஒன்றுக்கு 29. அந்த ஆறு மடங்கைப் பிடித்துத்தான் மின்னலுக்குக் கொடுக்கிறார்கள். தனி எண்ணுக்கு நடத்துபவர் பங்கு 2.9 சதவீதம் அளவில் வருவதால் அநியாயம் என்று சொல்ல முடியாது. ஆனால் மின்னல் விழாத நாளில் வழக்கத்தைவிடக் கனமாகக் கை கடிக்கும். சிவப்பு கறுப்பில் வைப்பவர்களுக்கு அந்த மேஜையில் மின்னலால் பயனே இல்லை.

வேக மேஜை என்கிற பொறி

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததற்கே இந்தப் பகுதிதான் காரணம்.

நண்பன் ஒருவன் இரவு ஆடும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சாதாரண ரூலெட் மேஜை, நிதானமாக ஆடிக்கொண்டிருந்தான். திரையின் ஓரத்தில் பந்தய நேரத்தைக் காட்டும் கோடு பச்சையில் தொடங்கி, மஞ்சளாகி, சிவப்பாகி மறையும். டீலர் 'இனி பந்தயம் இல்லை' என்பார். பந்து விளிம்பில் வழுக்கிச் சுற்றி, சக்கரத்தின் தடுப்புகளில் டக் டக்கென்று மோதி ஒரு குழியில் அடங்கும். நடுவில் தண்ணீர் குடித்தான், என்னிடம் பேசினான், ஒன்றிரண்டு சுற்றை விட்டுவிட்டும் பார்த்தான். முக்கால் மணி நேரத்தில் கொஞ்சம் பணம் போயிருந்தது, பெரிய தொகை இல்லை.

அப்புறம், "இது இழுக்குதுடா, வேகமா ஆடினா சீக்கிரம் திரும்பிடும்" என்று சொல்லி வேக ரூலெட்டுக்கு மாறினான். அங்கே சுற்றுக்குச் சுற்று 25 விநாடி. பந்து சுற்றிக்கொண்டிருக்கும்போதே பந்தயம் வைக்கலாம், விழுந்த கையோடு அடுத்தது தொடங்கிவிடும். அவன் பேச்சு நின்றது. பந்தயத் தொகையை அவன் கூட்டவே இல்லை, அதே சில்லு, அதே சிவப்பு. ஆனால் மணிக்கு 60 சுற்று 140-க்கு மேல் ஆகிவிட்டது. சராசரிக் கணக்கில் 16 அலகு 39 அலகாக மாறியதை அவன் கவனிக்கவில்லை, ஏனென்றால் அவன் பார்த்துக்கொண்டிருந்தது தொகையை மட்டும். விட்டதைப் பிடிக்கப் போகிறவன் கண்ணுக்கு வேகம் செலவாகத் தெரியாது, வாய்ப்பாகத் தெரியும். அன்று அவன் எழுந்தபோது மணி மூன்று.

அதனால் ஒரே விளையாட்டு இரண்டு வேகத்தில் இருந்தால் எப்போதும் மெதுவானதை எடுங்கள். டீலரே இல்லாமல் இயந்திரம் பந்தை வீசும் ஆட்டோ ரூலெட்டையும் வேக மேஜைக் கணக்கிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

பாக்கராவும் டிராகன் டைகரும்

பாக்கராவில் ஆடுபவர் செய்ய ஒன்றுமே இல்லை. பேங்கர், பிளேயர் என்று பெயரிட்ட இரண்டு கைகள், இரண்டும் சமம் என்ற டை, இந்த மூன்றில் ஒன்றில் வைக்க வேண்டும், மிச்சத்தைச் சீட்டு பார்த்துக்கொள்ளும். பேங்கரில் 5 சதவீதக் கமிஷன் போக நடத்துபவர் பங்கு 1.06 சதவீதம், பிளேயரில் 1.24. சாதாரண மேஜையில் ஒரு சுற்று 48 விநாடி அளவில் முடியும், மணிக்கு 75 சுற்று, பேங்கர் பக்கமே வைத்தால் 8 அலகு செலவு. யோசிக்க விரும்பாதவருக்கு இதைவிட மலிவான இடம் லைவ் பகுதியில் கிடைப்பது கஷ்டம். வேகப் பாக்கராவில் சுற்று 27 விநாடி, அங்கே 14 அலகு.

அதே மேஜையில் டை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு தவிர்க்க வேண்டியது. ஒன்றுக்கு 8 தருவதாகச் சொல்லும்போது ஆசையாகத்தான் இருக்கும். நடத்துபவர் பங்கு 14.36 சதவீதம். அதிலேயே மணி முழுக்க வைத்தால் 108 அலகு. ஒரே மேஜை, ஒரே டீலர், கை இரண்டு அங்குலம் தள்ளி விழுந்ததற்கு பதின்மூன்று மடங்கு செலவு. 'கமிஷன் இல்லை' என்று அழைக்கும் மேஜையும் சலுகை கிடையாது. பேங்கர் 6 புள்ளியில் ஜெயித்தால் பாதிதான் தருவார்கள், பங்கு 1.46 சதவீதமாக ஏறிவிடும்.

டிராகன் டைகர் பாக்கராவின் தம்பி மாதிரி. இந்தப் பக்கம் ஒரு சீட்டு, அந்தப் பக்கம் ஒரு சீட்டு, பெரியது ஜெயிக்கும். குழந்தைக்குக்கூடப் புரியும் என்பதால் புதிதாக வருகிறவர்கள் இங்கேதான் முதலில் உட்காருகிறார்கள். சமமாக வந்தால் பாதிப் பணம் போகும், அதனால் நடத்துபவர் பங்கு 3.73 சதவீதம். சுற்று 25 விநாடியில் முடிந்தால் மணிக்கு 54 அலகு. பாக்கராவின் எளிமை பிடித்து அதை இன்னும் எளிதாக்கித் தேடியவர், பாக்கராவைப் போல ஆறேழு மடங்கு கொடுக்கிறார்.

பிளாக்ஜாக்: படித்துவிட்டு வருபவருக்கு மட்டும்

21-ஐத் தாண்டாமல் டீலரைவிட அதிகம் சேர்ப்பதுதான் பிளாக்ஜாக். காகிதத்தில் பார்த்தால் இதுதான் எல்லாவற்றிலும் மலிவு. அடிப்படை உத்தி என்று ஓர் அட்டவணை இருக்கிறது. உங்கள் கையில் என்ன, டீலரின் திறந்த சீட்டு என்ன என்று பார்த்தால் சீட்டு வாங்குவதா, நிற்பதா, இரட்டிப்பதா, பிரிப்பதா என்பதற்கு ஒரே விடை இருக்கும். அதை அப்படியே பின்பற்றினால் நல்ல விதிகள் உள்ள லைவ் மேஜையில் நடத்துபவர் பங்கு 0.7 சதவீதம் அளவுக்கு இறங்கும். மணிக்கு 50 கை என்றால் செலவு மூன்றரை அலகு. மேலே சொன்ன எதுவும் இதன் பக்கத்தில் வராது.

ஆனால் அந்த அட்டவணை மனசுக்குப் பிடிக்காத வேலையெல்லாம் செய்யச் சொல்லும். கையில் 16, டீலரிடம் 10 என்றால் 'இன்னொரு சீட்டு வாங்கு' என்கும். வாங்கினால் பாதிக்கு மேல் தடவை 21-ஐத் தாண்டிப் போய்விடும், கை நடுங்கும். இரண்டு 8 வந்தால் எப்போதும் பிரி என்கும். இரண்டு 10 வந்தால் பிரிக்காதே என்கும். மனசு சொல்வதைக் கேட்டு ஆடுகிறவருக்கு 0.7 சதவீதம் கிடையாது, 2 சதவீதமோ அதற்கு மேலோதான். வீட்டில் திரை முன் உட்கார்ந்து ஆடுவதில் இருக்கும் பெரிய வசதி, அட்டவணையைப் பக்கத்திலேயே விரித்து வைத்துக்கொள்ளலாம். முடிவு எடுக்கச் சில விநாடிகள்தான் தருவார்கள் என்பதால் தேடாமல் கண்டுபிடிக்கும் அளவுக்குப் பழகியிருக்க வேண்டும்.

உட்காரும் முன் மேஜைத் துணியில் எழுதியிருப்பதைப் படியுங்கள். பிளாக்ஜாக்குக்கு, அதாவது முதல் இரண்டு சீட்டிலேயே 21 வருவதற்கு, '3:2' என்று இருந்தால் 10 வைத்தவருக்கு 15 கிடைக்கும். '6:5' என்று இருந்தால் 12 மட்டும். ஏறத்தாழ 21 கைக்கு ஒரு முறை பிளாக்ஜாக் வரும், அதில் 3 அலகு குறைவது நடத்துபவர் பங்கில் 1.4 சதவீதம் போலக் கூட்டிவிடுகிறது. படித்த உத்தி அத்தனையும் அதோடு வீண். டீலரிடம் ஏஸ் தெரியும்போது 'இன்ஷூரன்ஸ் வேண்டுமா' என்று திரை கேட்கும், அதன் பங்கு 7 சதவீதத்துக்கு மேல், எப்போதும் வேண்டாம் என்றே அழுத்துங்கள். ஜோடிக்குப் பரிசு, மூன்று சீட்டுக்குப் பரிசு என்று ஓரத்தில் மின்னும் பக்கப் பந்தயங்களும் அதே ஜாதி.

வெளியே வந்த சீட்டுகளைக் கணக்கு வைத்து, அதாவது சீட்டு எண்ணி, ஜெயிக்கலாம் என்று யாராவது சொன்னால் லைவ் மேஜையில் அது நடக்காது. பெரும்பாலும் எட்டுக் கட்டுகளைக் கலந்து வைத்து, ஏறத்தாழ பாதியிலேயே வெட்டுச் சீட்டைச் செருகி மறுபடி கலைத்துவிடுகிறார்கள். எண்ணிக்கை பயன் தரும் கட்டம் வருவதற்குள் ஷூ முடிந்துவிடும்.

ஏழு இருக்கை மேஜையில் இடம் கிடைக்காவிட்டால், ஒரே கையை எல்லோரும் பகிர்ந்துகொண்டு அவரவர் விருப்பப்படி ஆடும் எல்லையற்ற பிளாக்ஜாக் மேஜை இருக்கிறது. அதற்குப் போகலாம். அடுத்தவர் கையின் பின்னால் பந்தயம் வைக்கும் வசதியை மட்டும் நான் தொட மாட்டேன். அவர் அட்டவணை படித்தவரா, ராசியை நம்புகிறவரா என்று நமக்கு எப்படித் தெரியும்?

கேம் ஷோக்கள்

2020-இல் வந்த கிரேஸி டைம் இதில் பிரபலம். 54 கட்டங்கள் உள்ள சக்கரம், அதில் 1 என்ற எண் மட்டும் 21 கட்டங்களில். போனஸ் விளையாட்டுகளுக்கு எல்லாமாகச் சேர்த்து 9 கட்டம், அதாவது ஆறில் ஒன்று. பெயரிலேயே இருக்கும் கிரேஸி டைம் போனஸுக்கு ஒரே ஒரு கட்டம். நடத்துபவர் பங்கு பந்தயத்தைப் பொறுத்து 4 முதல் 5.7 சதவீதம் வரை.

அந்தச் சதவீதத்தைவிட அது எங்கே ஒளிந்திருக்கிறது என்பதுதான் முக்கியம். ஆடுபவர்களுக்குத் திரும்பிப் போகும் பணத்தில் ஒரு பகுதி, எப்போதோ ஒருவருக்கு விழும் பெரிய மடங்கில் அடங்கியிருக்கிறது. அது விழாத சாதாரண இரவில் நீங்கள் இழப்பது சராசரியைவிட அதிகமாகவே இருக்கும். போனஸைத் தவற விட்டுவிடுவோமோ என்ற பயத்தில் எட்டு இடத்திலும் சில்லு வைப்பவர்களைப் பார்க்கிறேன். 10 அலகு ஆட்டம் என்று நினைத்துக்கொண்டு 80 அலகு ஆட்டம் ஆடுகிறார்கள். வேடிக்கை பார்க்க நல்ல நிகழ்ச்சி. வேடிக்கையோடு நிறுத்திக்கொள்வதுதான் என் தேர்வு.

சராசரி ஏன் கண்ணில் படுவதில்லை

இவ்வளவு சொல்லியும், "போன வாரம் நான் 100 அலகு ஜெயித்தேனே" என்பவர்கள் இருப்பார்கள். உண்மைதான், ஜெயித்திருப்பார்கள். ஐரோப்பிய ரூலெட்டில் சிவப்பில் 10 அலகு வீதம் 60 சுற்று ஆடினால் சராசரி இழப்பு 16 அலகு. ஆனால் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் 77 அலகு ஊசலாடுவது மிகச் சாதாரணம். நூறு பேர் அப்படி ஒரு மணி நேரம் ஆடினால் ஏறத்தாழ 37 பேர் லாபத்தோடு எழுவார்கள், இன்னும் பத்துப் பேர் வைத்த பணம் குறையாமல் எழுவார்கள். அந்த இரவில் 16 அலகு என்ற எண் யார் கண்ணிலும் படாது.

அதே நூறு பேரும் 100 மணி நேரம் ஆடட்டும். 6,000 சுற்று, சராசரி இழப்பு 1,620 அலகு, ஊசலாட்டம் 775 அளவில். இப்போது லாபத்தில் நிற்பவர்கள் இரண்டே பேர். ஊசலாட்டம் மெதுவாக வளர்கிறது, இழப்பு நேர்கோட்டில் வளர்கிறது. முதல் மணியில் மறைந்திருந்தது நூறாவது மணியில் அப்பட்டமாகத் தெரிகிறது. இடையில் ஜெயித்த இரவுகள் எல்லாம் நிஜம், அதனால்தான் நம்மால் இதை ஏற்றுக்கொள்ள முடிவதில்லை.

தோற்றால் இரட்டிப்பது என்ற முறைக்கும் இதே கதி. 10, 20, 40 என்று போய் ஏழாவது பந்தயம் 640. ஏழும் தோற்றால் 1,270 அலகு காலி, எட்டாவதுக்கு மேஜையின் உச்சவரம்போ உங்கள் கையிருப்போ தடுத்துவிடும். ஏழு முறை தொடர்ந்து தோற்பது அபூர்வம் என்று தோன்றும். 60 சுற்று ஆடும் ஓர் இரவில் அது எங்கேயாவது நடப்பதற்கு ஏறத்தாழ ஐந்தில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. பாக்கரா திரையில் சிவப்பு நீல வளையங்களாக ஓடும் 'பாதை' அட்டவணைகளும் அப்படித்தான். நடந்ததைச் சரியாகக் காட்டும், நடக்கப்போவதைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது.

போனஸ், உரிமம், பணம் எடுப்பது

சேரும்போது தரும் போனஸை லைவ் மேஜைக்காக எடுக்கலாமா என்றால், பெரும்பாலும் வேண்டாம். 100 அலகு போனஸ், 35 மடங்கு ஆட வேண்டும் என்று போட்டிருந்தால் 3,500 அலகு பந்தயம் என்று கணக்குப் போடுவோம். நிபந்தனைகளில் கீழே, லைவ் விளையாட்டுகள் 10 சதவீதம்தான் கணக்கில் சேரும் என்று இருக்கும், சில இடங்களில் சேரவே சேராது. 10 சதவீதம் என்றால் 35,000 அலகு ஆட வேண்டும். 2.70 சதவீத மேஜையில் அதற்கு 945 அலகு போகும். நூறு அலகு பரிசுக்காக.

சட்டம் நாட்டுக்கு நாடு வேறு, இதை முதலில் பார்த்துவிடுங்கள். பிரிட்டனில் சூதாட்ட ஆணையத்தின் உரிமம் பெற்ற தளங்களில் ஆடலாம், 2020 ஏப்ரல் முதல் கிரெடிட் கார்டில் பணம் கட்ட முடியாது. சிங்கப்பூரில் உரிமம் இல்லாத தளத்தில் ஆடுவதே குற்றம். இந்தியாவில் 2025 ஆகஸ்டில் வந்த சட்டம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளையே தடை செய்கிறது. தடை உள்ள இடத்தில் ஒப்பீட்டுக்கே வேலை இல்லை. பணம் மாட்டிக்கொண்டால் புகார் கொடுக்கக்கூட இடம் இருக்காது.

அனுமதி உள்ள இடத்தில் தளத்தின் அடிப்பகுதியில் இருக்கும் உரிம எண்ணை எடுத்து, உரிமம் கொடுத்த ஆணையத்தின் பதிவேட்டிலேயே போய்ச் சரிபாருங்கள், தளம் காட்டும் முத்திரைப் படத்தை நம்ப வேண்டாம். ஒரு நாளில் கட்டும் பணத்துக்கு வரம்பு, நேர வரம்பு, தன்னைத்தானே விலக்கிக்கொள்ளும் வசதி மூன்றும் இருக்கிறதா பாருங்கள். வரம்பை முதல் பந்தயத்துக்கு முன்பே போட்டுவிட வேண்டும், தோற்றுக்கொண்டிருக்கும்போது யாரும் போடுவதில்லை. என் நண்பன் போட்டிருந்தால் அந்த இரவு ஒரு மணிக்கே முடிந்திருக்கும்.

கடைசியாக, எந்த மேஜையிலும் பெரிதாக உட்காரும் முன் இதைச் செய்யுங்கள். இருப்பதிலேயே சிறிய தொகையைக் கட்டி, பிரெஞ்சு ரூலெட்டிலோ பாக்கராவின் பேங்கர் பக்கமோ சில சுற்று ஆடிவிட்டு, மிச்சத்தைத் திரும்ப எடுக்க விண்ணப்பியுங்கள். அடையாள ஆவணம் எப்போது கேட்கிறார்கள், எத்தனை நாள் இழுக்கிறார்கள், எடுக்கும் விண்ணப்பத்தை ரத்து செய்து மறுபடி ஆடச் சொல்லி ஒரு பொத்தான் கண் முன்னால் நிற்கிறதா என்று கவனியுங்கள். அந்தப் பொத்தான் இருந்தால் அந்தத் தளம் வேண்டாம். இல்லாவிட்டால், பணம் உங்கள் வங்கிக் கணக்கில் வந்து சேரும் வரை காத்திருந்து, அப்புறம் மேஜையைத் தேடுங்கள்.